தளிர்நடைக் குழந்தைக்கு ஒரு முற்றம்: காப்பகங்களின் வெளிவிளையாட்டிடம் எப்படி அமைய வேண்டும்?

குழந்தைகள் காப்பகம் நடத்துவோரிடம் வெளியே விளையாட இடம் இருக்கிறதா என்று கேட்டால், பதில் பெரும்பாலும் பொருட்களின் பட்டியலாகத்தான் வரும்: ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா, வண்ணம் தீட்டிய சுற்றுச்சுவர். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் இந்தப் பட்டியலைப் பார்த்தே மனநிறைவு அடைகிறார்கள். ஆனால் ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. மூன்று ஊஞ்சல்கள் உள்ள இடம் அந்தக் குழந்தைக்கு வெறும் பொட்டலாக இருக்கக்கூடும். ஒரு கருவிகூட இல்லாத, மேடும் பள்ளமும் மணலும் நிழலும் உள்ள முற்றம் அதற்கு நிறைவான விளையாட்டிடமாக இருக்கக்கூடும்.

இதைப் பற்றிய பேச்சில் இரண்டு தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரிய பிள்ளைகளின் பூங்காவை அப்படியே சுருக்கி வைத்தால் சின்னக் குழந்தைகளுக்குப் போதும் என்பது ஒன்று. குழந்தை விழவே வாய்ப்பில்லாத இடம்தான் பாதுகாப்பான இடம் என்பது மற்றொன்று. இரண்டும் ஏன் பொருந்தாதவை என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். நடக்கத் தொடங்கியது முதல் ஏறத்தாழ மூன்று வயது நிறைவடையும் வரையிலான காலத்தை இக்கட்டுரையில் 'தளிர்நடைப் பருவம்' என்று குறிப்பிடுகிறேன்.

அளவுகோல் குழந்தையின் உடலே

ஒரு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 75 செ.மீ. வழக்கமான உணவு மேசையின் உயரமும் ஏறத்தாழ அதுவே. அதாவது, நாம் தட்டை வைக்கும் பலகையின் மேற்பரப்பு அந்தக் குழந்தையின் உச்சந்தலைக்கு நேராக இருக்கிறது. நாம் கவனிக்காமல் ஏறிப்போகும் 17 செ.மீ. படிக்கட்டு, அதன் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அதே விகிதத்தில் படி கட்டினால் ஒவ்வொரு படியும் 37 செ.மீ. இருக்கும், கைகளை ஊன்றாமல் நாமும் அதில் ஏற மாட்டோம். குழந்தை படிக்கட்டைக் கண்டதும் தவழும் நிலைக்குத் திரும்புவது அறியாமையால் அன்று, சரியான கணக்கால்.

உயரத்தைவிட முக்கியமானது எடை எங்கே இருக்கிறது என்பது. பிறக்கும்போது தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு; இரண்டு வயதில் ஐந்தில் ஒரு பங்கு; வளர்ந்தவரிடம் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. மேற்பகுதி கனத்த இந்த உடலைக் குட்டையான கால்கள் தாங்குகின்றன. கழுத்து நீண்ட குடத்தின் வாயில் ஓர் உருண்டையை வைத்துவிட்டு அதை மெல்ல நகர்த்திப் பார்த்தால், தளிர்நடைக் குழந்தை ஒவ்வொரு அடியிலும் செய்யும் சாகசம் புரியும். விழும்போது தலை முதலில் போவதற்கும் இதுவே காரணம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் நடையை ஆராயும் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நடை பழகும் குழந்தைகள் தாமாக விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறார்கள் என்றும், 17 முறை விழுகிறார்கள் என்றும் கணக்கிட்டார்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விழுதல் இந்த வயதில் விபத்து அன்று. நடையின் ஒரு பகுதி. ஒரு மணி நேரத்தில் 17 முறை நடக்கும் ஒன்றை முற்றிலும் தடுக்க வேண்டுமானால், குழந்தையை நடக்கவிடாமல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: தளிர்நடைக் குழந்தை சிறிய அளவிலான பெரிய பிள்ளை அன்று. உயரம், எடை பரவியிருக்கும் விதம், விழும் தடவைகள் எல்லாமே வேறு. ஆகவே முற்றத்தின் கணக்கும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

பொருள் என்ன என்பதைவிட, அது எதைச் செய்ய விடுகிறது என்பது

நடைபாதையின் ஓரத்தில் இருக்கும் தாழ்ந்த விளிம்பு நமக்கு வெறும் விளிம்பு. களைத்து வருபவருக்கு அது இருக்கை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது ஏறிப் பார்க்கும் மலை, கல்லை அடுக்கும் மேசை, பிடித்துக்கொண்டு நடக்கும் கைப்பிடி, குதிக்கலாமா வேண்டாமா என்று நெடுநேரம் நின்று யோசிக்கும் முனை. பொருள் ஒன்றுதான், உடல் மாறும்போது அது அளிக்கும் வாய்ப்பு மாறுகிறது. ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட உடலுக்கு எதைச் செய்ய இடம் தருகிறதோ அதைச் 'செயல்வாய்ப்பு' என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1970களில் வளர்த்தெடுத்த கருத்து இது. ஹாரி ஹெஃப்ட் 1988இல் இதைக் குழந்தைகளின் சூழலுக்குப் பொருத்தி, நிலத்தைப் பொருட்களின் பெயரால் அல்லாமல் செயல்களின் பெயரால் வகைப்படுத்திக் காட்டினார்: 'மரம்' என்பதற்குப் பதில் 'ஏறக்கூடியது', 'புதர்' என்பதற்குப் பதில் 'ஒளியக்கூடியது'.

முற்றம் அமைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கருத்து வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டியலில் பெயர்ச்சொற்களை எழுதாமல் வினைச்சொற்களை எழுதிப் பாருங்கள். ஏற, இறங்க, தள்ள, இழுக்க, சுமக்க, நிரப்ப, கவிழ்க்க, ஊற்ற, தோண்ட, ஒளிய, எட்டிப் பார்க்க, உருட்ட, தட்டி ஓசை எழுப்ப, சும்மா உட்கார. தளிர்நடைப் பருவத்தில் குழந்தைகள் ஓயாமல் செய்பவை இவைதான். இப்போது சறுக்குமரத்தை எடுத்துக்கொண்டால், அது ஏறவும் சறுக்கவும் மட்டுமே இடம் தருகிறது; அதுவும் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைக்கு. ஓர் அடி உயர மண்மேடோ ஏற, இறங்க, உருள, உருட்ட, தோண்ட, அமர என்று ஆறு ஏழு வினைகளுக்கு ஒரே நேரத்தில் பல குழந்தைகளுக்கு இடம் தருகிறது. விலை கொடுத்து வாங்கிய கருவியை மண்மேடு தோற்கடிப்பது விற்பனையாளருக்கு உவப்பான செய்தி அன்று என்பது வேறு விஷயம்.

செயல்வாய்ப்பு உடலோடு சேர்ந்து மாறுவதால், ஒரே குழந்தைக்கும் அது மாதத்துக்கு மாதம் மாறும். சரிவுகளை வைத்து அடால்ஃப் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பல வாரங்கள் தவழ்ந்து பழகிய குழந்தைகள் செங்குத்தான சரிவின் விளிம்பில் நின்று யோசித்து, இறங்க மறுத்தன. அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் கால் வைத்து விழப்போயின. தவழும் உடலுக்குக் கற்றது நடக்கும் உடலுக்குச் செல்லவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. எனவே ஒரே ஒரு சரிவு போதாது. மிக மெல்லியது, சற்றுக் கூடியது, இன்னும் கூடியது என்று பல தரத்தில் சரிவுகள் இருந்தால், ஒவ்வொரு குழந்தையும் இன்றைய தன் உடலுக்கு ஏற்றதைத் தானே தேர்ந்துகொள்ளும். அவற்றின் அடிவாரம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

தரையே முதல் கருவி

காப்பகங்களில் செலவின் பெரும்பகுதி கருவிகளுக்குப் போய்விட, தரைக்கு மிஞ்சுவது சிமெண்ட்தான். முறை தலைகீழாக இருக்க வேண்டும். குழந்தை கருவியின் மேல் இருப்பது சில நிமிடங்கள். தரையில் இருப்பது எப்போதும்.

விழும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது தெளிவாகும். வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்தபடியே பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கையை அசைக்காமல் வைத்திருந்தால் வலிக்கும். பின்னுக்கு இழுத்தால் வலிப்பதில்லை. பந்தின் வேகம் இரண்டிலும் ஒன்றே. நிற்பதற்கு அது எடுத்துக்கொள்ளும் தூரம்தான் வேறு. முட்டை தரையில் உடைவதும் தலையணையில் உடையாமல் தப்புவதும் இதே கணக்கால்தான்.

60 செ.மீ. உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 12 கி.மீ. வேகத்தில் இருக்கும். அந்த வேகம் முழுவதும் அரை செ.மீ. தூரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தால், தலை தாங்கும் சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் சுமார் 120 மடங்கு. தரை 5 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் அது சுமார் 12 மடங்காகக் குறைந்துவிடும். கணக்கு எளியது: விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும். உயரத்தைக் குறைப்பதும் தரையை மென்மையாக்குவதும் ஒரே காரியத்தின் இரண்டு வழிகள் என்பதை இந்த வகுத்தல் கணக்கே சொல்லிவிடுகிறது.

பொறியாளர்கள் இந்த அதிர்ச்சியை 'தலைக்காய அளவெண்' என்ற ஓர் எண்ணால் அளக்கிறார்கள். தலை எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரத்துக்கு நிறுத்தப்படுகிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கூறும் எண் இது. கார் மோதல் ஆய்வுகளிலிருந்து விளையாட்டிடங்களுக்கு வந்தது. அமெரிக்கத் தரநிலையும் ஐரோப்பியத் தரநிலையும் இந்த எண் 1000ஐத் தாண்டக் கூடாது என்கின்றன. ஒரு தரையின் மீது எந்த உயரத்திலிருந்து விழும்வரை இந்த எல்லை மீறப்படவில்லையோ அந்த உயரமே அத்தரையின் 'தாங்கும் உயரம்'. மேலே நிற்கும் கருவி அந்த உயரத்துக்குள் இருந்தால் இரண்டும் பொருந்துகின்றன. இல்லாவிட்டால் கருவியைத் தாழ்த்த வேண்டும், அல்லது தரையை மாற்ற வேண்டும்.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு இதற்குச் சில அளவுகளைத் தருகிறது. சுமார் 23 செ.மீ. ஆழமுள்ள மணல் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம் வரை தாங்கும். அதே ஆழத்துக்கு மரச்சில்லுகள் போட்டால் 3 மீட்டர் வரை தாங்கும். கூழாங்கல்லும் அதே ஆழத்தில் 1.5 மீட்டர் வரை தாங்கும் என்றாலும், கையில் கிடைத்ததை வாயிலும் மூக்கிலும் காதிலும் திணிக்கும் வயதினருக்கு அது உகந்ததன்று. இங்கே பெரிய பிள்ளைகளின் பூங்காவுக்கு நல்லதாக இருக்கும் ஒன்று சின்னவர்களுக்குக் கெடுதலாக மாறுவதைக் கவனிக்கலாம். மணல் அடிபட்டு இறுகினாலும் மழையில் நனைந்து கெட்டிப்பட்டாலும் அதன் தாங்கும் தன்மை குறையும்.

புல்தரையைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நடக்க, தவழ, தன் உயரத்திலிருந்து விழுந்து எழ அதைவிட இனிய தரை இல்லை. ஐரோப்பிய வழக்கில் தாழ்ந்த உயரங்களுக்கு நல்ல புல்தரையே போதும் என்று கொள்கிறார்கள். அமெரிக்கக் கையேடு ஏறும் கருவிகளுக்கு அடியில் அதை ஏற்பதில்லை. கால் மிதிபட்டுப் புல் அழிந்து மண் இறுகிவிடும் என்பது அதன் வாதம். ஊஞ்சலின் கீழே புல் எவ்வளவு நாள் பிழைக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அந்த வாதம் விளங்கும்.

ஆனால் தரை என்பது விழுவதற்கு மட்டும் அன்று. வழுவழுப்பான பாதை, புல், மணல், மரப்பலகை, சற்றே மேடான மண் என்று காலடியில் தரை மாறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் குழந்தை நடையைச் சற்று மாற்றியாக வேண்டும். ஒரே சீரான ரப்பர் தரையை முற்றம் முழுவதும் விரிப்பது பாதுகாப்பானதாகத் தோன்றினாலும், அது நடைபழகும் காலுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லாத தரை.

சுருக்கமாக: விழுந்த உயரம், நிற்கும் தூரம் என்ற இரண்டுமே காயத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. கருவி எவ்வளவு உயரம் என்பதை அதன் கீழுள்ள தரை எவ்வளவு தாங்கும் என்பதோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இடரும் மறை ஆபத்தும்

பாதுகாப்பைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துவதால் வருகிறது. முற்றத்தில் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. அதன் மேல் ஏறினால் விழலாம். இது குழந்தைக்குத் தெரிகிறது. தொட்டுப் பார்க்கலாம், பாதி ஏறி இறங்கிவிடலாம், நாளை மீண்டும் வரலாம். குழந்தையால் கண்டு, தன் திறனோடு எடைபோட்டு, ஏற்கவோ விலகவோ முடிகிற இந்த வகையை 'இடர்' என்போம். அந்தக் கட்டையின் அடிப்பக்கம் மக்கிப் போய், ஏறினால் புரளும் நிலையில் இருந்தால் அது வேறு வகை. குழந்தையால் பார்க்கவோ ஊகிக்கவோ முடியாத இதை 'மறை ஆபத்து' என்போம். முற்றம் அமைப்பவரின் கடமை மறை ஆபத்தை முழுவதும் நீக்குவது. இடரைக் குழந்தையின் அளவுக்கு வெட்டித் தருவது. இரண்டையும் ஒன்றாக எண்ணி எல்லாவற்றையும் அகற்றிவிட்டால், எஞ்சும் வெற்றிடத்தில் குழந்தை இடரைத் தானே தேடிக்கொள்ளும்: வாயில் கதவில் தொங்கும், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும்.

மறை ஆபத்துகளில் அதிகம் அறியப்படாதது இடைவெளி. கிராதியின் இரு கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கலாம்? சிறியது நல்லது, பெரியது கெட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் மிகச் சிறியதும் நல்லது, மிகப் பெரியதும் நல்லது. நடுவில் உள்ளதுதான் கொல்லும். 9 செ.மீ.க்குக் குறைவான இடைவெளியில் குழந்தையின் உடல் நுழையாது. 23 செ.மீ.க்கு மேற்பட்டதில் தலையும் தாராளமாக வெளியே வந்துவிடும். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியில் கால்களும் இடுப்பும் மார்பும் நழுவி இறங்கிவிட, தலை மட்டும் மாட்டிக்கொள்ளும், உடல் தொங்கும். உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிதாக இருக்கும் வயது இது என்று முன்பு பார்த்தது இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது. அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் இரண்டும் ஏறக்குறைய இந்த எண்களையே சொல்கின்றன. வேலி, படிக்கட்டின் கைப்பிடி, மேடையின் தடுப்பு, ஏணியின் படிகளுக்கு இடைப்பட்ட வெளி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கயிறுகளும் இதே குடும்பம்: கழுத்தில் சுற்றும் நீளமுள்ள எந்தத் தளர்ந்த கயிறும், சட்டைத் தொப்பியின் நாடாவும் சறுக்குமரத்தின் அருகே இருக்கலாகாது.

வெப்பம் மற்றொன்று. வெயிலில் கிடக்கும் உலோகம் சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும் என்பது பலருக்குத் தெரியாது. சுட்டவுடன் எழுந்து ஓடும் அனிச்சை பெரிய பிள்ளைக்கு உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை அலறுமே தவிர, அந்த இடத்தை விட்டு நகர வேண்டும் என்பது அதற்குத் தோன்றாமல் போகலாம். அதன் தோலும் மெல்லியது. ஆகவே கருவியை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்யும் முன், அங்கே வெயில் எப்போது விழுகிறது என்று ஒரு முழு நாள் கவனித்துவிடுவது நல்லது.

சறுக்குமரத்தில் இன்னொரு வியப்பான ஆபத்து உண்டு. அது அன்பினால் வருவது. குழந்தை தனியாகச் சறுக்கப் பயப்படும் என்று பெரியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவார். குழந்தையின் செருப்போ காலோ ஓரத்தில் சிக்கினால், தனியாக இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். மடியில் இருக்கும்போதோ பெரியவரின் எடை முழுவதும் அதை முன்னால் தள்ள, சிக்கிய காலின் கீழெலும்பு முறிகிறது. எலும்பு மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள். குழந்தை தானே ஏறி உட்காரக்கூடிய உயரத்துக்கு மேற்பட்ட சறுக்குமரம் இந்த முற்றத்தில் தேவையே இல்லை. மண்மேட்டின் சரிவிலேயே சறுக்குப்பலகையைப் பதித்துவிட்டால், ஏணியும் வேண்டாம். பக்கவாட்டில் விழும் உயரமும் இராது.

வாயில் போடும் பழக்கத்தை ஒட்டி ஓர் எளிய அளவு உண்டு. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது. செடிகளிலும் கவனம் வேண்டும்: அரளி, ஆமணக்கு, ஊமத்தை ஆகியவை பார்க்க அழகாக இருந்தாலும் நச்சுச் செடிகள், இந்த வேலிக்குள் அவற்றுக்கு இடமில்லை. நீரைப் பொறுத்தவரை, குழந்தையின் உயிரைப் பறிக்க மூக்கும் வாயும் மூழ்கும் சில செ.மீ. ஆழமே போதும். குப்புற விழுந்த குழந்தையால் கனத்த தலையைத் தூக்க முடியாது என்பதால், மறந்துவிட்ட வாளியும் ஆபத்தே.

ஒன்றைப் பகிர முடியாத வயது

'ஒரே வண்டிக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டும்' என்பது காப்பகங்களில் தினமும் கேட்கும் குறை. மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, ஒரே மாதிரியான பொருளை வைத்து, ஒருவரோடொருவர் கலக்காமல் விளையாடுவதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். 'அருகருகு விளையாட்டு' எனலாம். தளிர்நடைப் பருவத்தில் இதுவே மேலோங்கியிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் உள்ளதைப் போலவே தனக்கும் வேண்டும் என்பது இந்த விளையாட்டின் இலக்கணம். ஆகவே ஐந்து விதமான பொம்மைகளை ஒவ்வொன்று வாங்குவதைவிட ஒரே வாளியை ஐந்தாக வாங்குவது முற்றத்தில் அமைதியைத் தரும். சண்டையில் பாதி குணத்தால் வருவதன்று, எண்ணிக்கையால் வருவது.

இதைக் கணக்கிடவே ஒரு முறை உண்டு. சிபில் கிரிட்செவ்ஸ்கி, எலிசபெத் பிரெஸ்காட் முதலியோர் 1969இல் வகுத்த அந்த முறையில், கருவியை எண்ணாமல் அங்கே எத்தனை குழந்தைகளுக்கு வேலை இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒருவர் மட்டும் ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஓர் இடம். கரண்டியும் வாளியும் உள்ள மணல்மேசை நான்கு இடங்கள். அதோடு தண்ணீரும் சேர்ந்துவிட்டால் எட்டு. குழந்தைகளின் எண்ணிக்கையைவிட இந்த இடங்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடுதலாக இருந்தால், ஒரு வேலையை முடித்த குழந்தைக்குப் போய்ச் சேர இன்னோர் இடம் காலியாக இருக்கும். இல்லாவிட்டால் மற்றவரின் இடத்தைப் பறிப்பதே அதற்கு வழி.

உதிரிப் பொருட்களின் மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. நகர்த்தவும் அடுக்கவும் கலைக்கவும் முடிந்தவற்றை உதிரிப் பொருட்கள் என்கிறோம். பிரிட்டனைச் சேர்ந்த சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய கட்டுரையால் பரவிய கருத்து. பாத்திரங்கள், பெரிய மரத்துண்டுகள், துணிகள், கூடைகள், தள்ளுவண்டிகள் போதும். மணலை இங்கிருந்து அங்கே சுமந்து கொட்டிவிட்டு, அங்கிருந்து இங்கே சுமந்து வருவது நமக்கு வீண்வேலை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது முழுநேரத் தொழில்.

பாதை, பார்வை, எல்லை

எவ்வளவு இடம் வேண்டும்? வெளியே ஒரு குழந்தைக்கு 7 சதுர மீட்டர் என்கிறது ஆஸ்திரேலிய விதி. அமெரிக்காவில் பரவலாக வழங்கும் 75 சதுர அடியும் அதே அளவுதான். இடம் போதவில்லை என்றால் குழுக்களாகப் பிரித்து முறைவைத்து வெளியே விடலாம். பெரிய பிள்ளைகளோடு கலந்து விடுவது மட்டும் வேண்டாம். ஓடி வரும் நான்கு வயதுப் பிள்ளையின் பாதையைக் கணிக்கும் திறன் இந்த வயதில் இல்லை. அமெரிக்கக் கையேடு 6 முதல் 23 மாதம், 2 முதல் 5 வயது, 5 முதல் 12 வயது என்று மூன்று பிரிவுகளாகவே பேசுகிறது.

முட்டுச்சந்தில் முடியும் பாதையைவிடச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே சேரும் பாதை நல்லது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் குழந்தைக்குத் திருப்பத் தெரியாது. முட்டுச்சந்து வந்தால் வண்டியை விட்டுவிட்டு அழும். வட்டப் பாதையில் அது தானாகத் திரும்பி வரும். ஊஞ்சல் வைக்கத்தான் வேண்டும் என்றால், உடலை முழுதும் பற்றிக்கொள்ளும் தொட்டி இருக்கை கொண்டதாக, எந்தப் பாதையும் குறுக்கிடாத ஓரத்தில் வைக்க வேண்டும். ஊஞ்சல் போய்த் திரும்பி வரும் என்பதை இந்த வயதுக் குழந்தை முன்கூட்டி உணர்வதில்லை.

பராமரிப்பவருக்கு எல்லாக் குழந்தைகளும் தெரிய வேண்டும். குழந்தைக்கோ சில சமயம் யாரும் பார்க்காத இடம் வேண்டும். இந்த முரணைத் தீர்க்க உயர வேறுபாடே போதும். நின்றிருக்கும் பெரியவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில். ஒரு வயதுக் குழந்தையின் கண் சுமார் 65 செ.மீ.யில். முழங்கால் முதல் தொடை உயரமுள்ள செடிவரிசை குழந்தைக்குக் காடு, பெரியவருக்கு வெறும் ஓரம். குழந்தை ஒளிந்துகொண்டதாக நம்புகிறது. நாமும் அதை நம்புவதாகக் காட்டிக்கொள்கிறோம். அந்த ஒப்பந்தத்தில் யாருக்கும் நட்டமில்லை. பராமரிப்பவர் உட்கார நிழலில் ஓர் இருக்கை வேண்டும் என்பதையும் வரைபடம் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிற்க முடியாத வெயிலில் நிற்கும் பெரியவர் பத்தாவது நிமிடத்தில் குழந்தைகளை உள்ளே அழைத்துவிடுவார். அதோடு எத்தனை நல்ல முற்றமும் பூட்டிக்கிடக்கும்.

அன்றாடப் பராமரிப்பு

திறப்பு விழா அன்று சரியாக இருந்த முற்றம் ஆறு மாதத்தில் வேறு முற்றமாகிவிடும். கால் அதிகம் படும் இடங்களில், குறிப்பாக ஊஞ்சலின் கீழும் சறுக்கின் முடிவிலும், மணலும் மரச்சில்லும் விலகிக் குழி விழும். தாங்கும் தரை மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அது இல்லாமல் போகும். அங்கே ஒரு கம்பத்தில் நிரப்பு மட்டத்தைக் கோடு கிழித்து வைத்தால், தினமும் காலையில் மணலைச் சமப்படுத்தும் பணியாளர் ஒரே பார்வையில் அளந்துவிடலாம். மணற்குழியைப் பூனைகள் கழிப்பிடமாகக் கொள்ளாதபடி இரவில் மூடிவைக்க வேண்டும். வாளிகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கருவிகளின் மேற்பரப்பைக் குழந்தைகள் வெளியே வருவதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒருமுறை தரையில் மண்டியிட்டு, கண்ணை 65 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்து, முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். நிற்கும்போது தெரியாத ஆணிமுனைகள், மேசைப்பலகையின் அடிச்சிலாம்புகள், புதரடியில் உதிர்ந்த காய்கள் எல்லாம் அந்த உயரத்தில் நேர் எதிரே இருக்கும்.